பக்கத்து சீட்டுக்காரர் கதை

தம்பி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. சன்னல் ஓரம் வேணுமா? சரி, நீங்களே இருங்க. எனக்குக் காத்து ஆகாது, தொண்டை கட்டிக்கிடும். நமக்குத் தொண்டைதான் பொழப்பு.

எங்க போறிய? பஸ்சு எங்க போகுதோ அங்கயா? கண்டக்டர்கிட்டயும் அப்பிடித்தான் சொன்னிய, நான் கேட்டேன். அப்பத் திருநெல்வேலிதான். எனக்கும் அங்கதான். நல்லதாப் போச்சு. ஒரு விசயம் முதல்லயே சொல்லிருதேன், தப்பா எடுத்துக்கிடாதீங்க. இன்னிக்கு நான் பேசமாட்டேன். நீங்கதான் பேசணும். திருநெல்வேலி போய்ச் சேருற வரைக்கும் நீங்க உங்க கதையைச் சொல்லணும், நான் 'ம்' கொட்டுவேன். அவ்வளவுதான். எதுக்குன்னு கேக்கியளா? கேக்கலையா? கேக்கலைன்னாலும் சொல்லிருதேன். அப்பத்தான் உங்களுக்குப் பேசத் தோதா இருக்கும்.

எம் பேரு மாசிலாமணி. சங்கரன்கோயில்ல மாசிலாமணி சவுண்ட் சர்வீஸ்னு கேட்டா சின்னப் பிள்ளை கூடச் சொல்லும். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, கட்சிக் கூட்டம் எல்லாத்துக்கும் நம்ம செட்டுதான். அதுபோக ஆட்டோவுல மைக்கைக் கட்டிக்கிட்டுத் தெருத்தெருவா விளம்பரம் பண்ணுவேன். துணிக்கடை திறப்பு விழா, கண் பரிசோதனை முகாம், காணாமப் போன ஆடு, ஆளு செத்துட்டா எத்தனை மணிக்கு எடுக்காவ, எல்லாம் நம்ம குரல்தான். உங்களுக்கு வெளியூரா? அதான் தெரியல. பெரியோர்களே, தாய்மார்களேன்னு நான் ஆரம்பிச்சேம்னா அடுப்புல பாலை வச்சவ கூட வாசலுக்கு வந்துருவா.

ஆனா எனக்கு உள்ளூர ஆசை என்னன்னா, கதை எழுதணும். சிறுகதை. நாலு பத்திரிகைக்கு அனுப்பியிருக்கேன். ஒண்ணும் திரும்பி வரல, அச்சுலயும் வரல. அப்பத்தான் திருநெல்வேலியில ஒரு வாசகர் வட்டம் இருக்கு, மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கெழமை கதை எழுதப் பயிற்சி தாராவன்னு சொன்னாவ. சேர்ந்துட்டேன். நடத்துறது ரெஜினா டீச்சர். ரிட்டயர் ஆனவுக. ஆளு ஒல்லி, வாய் மட்டும் அருவா.

முதல் கூட்டத்துலயே என் கதையைப் படிச்சேன். துபாய்க்குப் போன மகன் பல வருசம் கழிச்சு வாரான். அம்மா கயித்துக் கட்டில்ல கிடக்கா, உசுரு இழுத்துக்கிட்டு நிக்கு. மகனைப் பாத்ததும் சொல்லுதா: "அன்பு மகனே, வருக, வருக! நீண்ட நெடுங்காலமாக நான் எதிர்பார்த்துக் கொண்டிருந்த பொன்னான தருணம் இதோ வந்துவிட்டது!" எனக்கே படிக்கும்போது கண்ணு கலங்கிட்டுது. டீச்சர் நிறுத்தச் சொன்னாவ. "மாசிலாமணி, இந்த அம்மா சாகக் கிடக்காவளா, இல்ல கூட்டத்துக்குத் தலைமை தாங்குதாவளா?"ன்னு கேக்காவ. எல்லாரும் சிரிச்சாவ. சிரிக்கட்டும். நான் ஒண்ணும் மனசுல வைக்கல. ஆனா யார் யார் சிரிச்சாங்கிறது ஞாபகம் இருக்கு.

ரெண்டாவது கதையில மாட்டு வைத்தியர், பால்காரர், ஒரு கன்னுக்குட்டி. அதுக்கு என்ன சொன்னாவ தெரியுமா? "உங்க கதையில கன்னுக்குட்டி கூட மைக்கைப் பிடிச்சுக்கிட்டுத்தான் கத்துது"ன்னாவ. இது விமர்சனமா தம்பி? நீங்களே சொல்லுங்க. என்ன? இல்ல, நீங்க பெறவு சொல்லுங்க, இதை முடிச்சிருதேன்.

அந்த ஜீப்பு என்ன இந்தப் போக்குப் போகுது? போலீஸா? நீங்க என்ன தம்பி காலுக்கடியில தேடுதிய? செருப்பா? ரெண்டும் காலுலதான இருக்கு. எந்திரிங்க, தலையில கம்பி இடிச்சிரப் போகுது.

எங்க விட்டேன்? ஆங், விமர்சனம். எங்க கூட்டத்துல ஜான்சின்னு ஒரு பிள்ளை. மருந்துக்கடையில வேலை பாக்கா. அவ ஒரு கதை படிச்சா. ஒரு வயசாளி மருந்துக்கடைக்கு வந்து, வீட்டுக்காரிக்கு வாங்குன மாத்திரை மிச்சம் கிடக்கு, திருப்பி எடுத்துக்கிடுவியளான்னு கேக்காரு. பிரிச்ச அட்டையை எடுக்கமாட்டோம்னு அவ சொல்லுதா. சரிம்மான்னுட்டு அவரு போயிருதாரு. அவ்வளவுதான் கதை. டீச்சர் கண்ணாடியைக் கழட்டித் தொடைக்காவ. நான்தான் கேட்டேன், "ஏம்மா, மாத்திரை ஏன் மிச்சமாச்சு? முக்கியமான விசயம், அதை எழுத மறந்துட்டியே"ன்னு. அம்புட்டுப் பேரும் என்னைத் திரும்பிப் பாத்தாவ. நான் சரியாத்தான கேட்டேன்? அந்தப் பிள்ளைக்கு உதவியா இருக்கட்டும்னுதான் கேட்டேன்.

அன்னிக்குக் கூட்டம் முடிஞ்சதும் டீச்சர் என்னைத் தனியாக் கூப்பிட்டாவ. "மாசிலாமணி, உங்களுக்கு எழுத்து வராம இல்ல. காது வரல. நாம கதை சொன்னா எதிராளி 'ம்' கொட்டுதான்லா, அந்த 'ம்'மை நீங்க கொட்டிப் பழகுங்க. முன்னப்பின்ன தெரியாத ஒரு ஆளைப் பேச விடுங்க. நடுவுல நுழையக் கூடாது. அவர் சொன்னதை வந்து எங்களுக்குச் சொல்லுங்க, எழுதக் கூட வேண்டாம்"னாவ. வருசக் கடைசியில வட்டத்துல ஒரு கதைத் தொகுப்பு போடுதாவ. அதுல ஒரே ஒரு இடம் மிச்சம் இருக்கு. இன்னிக்குக் கூட்டத்துல நான் அப்பிடி ஒரு கதையோட போனா அந்த இடம் எனக்கு. போகலைன்னா ஜான்சிக்கு ரெண்டாவது கதை. அதான் தம்பி, உங்களை விட்டா எனக்கு வேற ஆளு இல்ல. எம் பேரு அச்சுல வாரதும் வராததும் உங்க கையிலதான் இருக்கு.

நீங்க சொல்லுங்க. எந்த ஊரு, என்ன விசயமாப் போறிய? பாத்தா ஏதோ விசேசமாத்தான் தெரியுது. புதுப் பட்டு வேட்டி, சந்தனக் கலர் சட்டை, கையில மஞ்சக் காப்பு, கன்னத்துல சந்தனம் காய்ஞ்சு போயிருக்கு. கோயிலுக்கு வேண்டுதலா? குலசாமிக்கு விரதம் இருக்கியளா? நான் பாத்தவுடனே கண்டுபிடிச்சிட்டேன். காப்புக் கட்டுன ஆளு ஊர் எல்லையைத் தாண்டக் கூடாதும்பாவ, பாத்துக்கிடுங்க. சரி, அதெல்லாம் இந்தக் காலத்துல யாரு பாக்கா.

இருங்க, போன் அடிக்குது. வீட்டுக்காரிதான். முப்பிடாதி. பெறவு பேசிக்கிடலாம், இப்ப உங்க கதை முக்கியம். கட் பண்ணிட்டேன். உங்க போனும் ஏறும்போது அடிச்சுக்கிட்டே கிடந்துச்சு, மொத்தமா அணைச்சுட்டிய. நல்ல பழக்கம்.

சொல்லுங்க. ம்.

என்ன யோசிக்கிய? கூச்சமா? எல்லாருக்கும் முதல்ல அப்பிடித்தான் இருக்கும். நான் உங்களுக்கு ஒரு உதாரணம் சொல்லுதேன். போன வாரம் டீக்கடையில ஒரு ஆளு மாட்டைத் தொலைச்சிட்டேன்னு பேச ஆரம்பிச்சாரு. நான் 'ம்'னேன். எம்மகளுக்குச் சீராக் குடுத்த மாடுய்யா, அவ புருசன் வீட்டுலருந்து கோவிச்சிக்கிட்டு வரும்போது மாட்டையும் கூடவே ஓட்டிக்கிட்டு வந்தாய்யான்னாரு. எனக்குப் பொறுக்கல. மாடு என்ன கலரு, கொம்பு எப்பிடி, எந்தப் பக்கம் போச்சுன்னு கேட்டு, அங்கனயே எந்திச்சு நின்னு அறிவிப்பாவே சொல்லிட்டேன். மைக் இல்லாமலே ரெண்டு தெருவுக்குக் கேட்டுருக்கு. மாடு கிடைச்சிட்டுது. அந்த ஆளு சந்தோசமா மாட்டை ஓட்டிக்கிட்டுப் போயிட்டாரு, கதையையும் சேத்து ஓட்டிக்கிட்டுப் போயிட்டாரு.

சரி, வெளியாளு வேண்டாம்னு வீட்டுலயே பழகலாம்னு பாத்தேன். முப்பிடாதியை உக்கார வச்சு, செல்போன்ல ரெக்கார்டிங்கைப் போட்டு, பேசுன்னேன். "என்ன பேச?"ன்னா. இயல்பாப் பேசுன்னேன். இயல்பாப் பேசுறதுன்னா என்னன்னு அவளுக்கு விளக்கிச் சொன்னேன். எங்க நிறுத்தணும், எங்க குரலை இறக்கணும், எல்லாம் சொன்னேன். பெறவு போட்டுக் கேட்டா, முழுக்க என் குரல்தான் ஓடுது. நல்லாத்தான் இருந்துச்சு, அது வேற விசயம். அவ குரல் ரெண்டே இடத்துலதான் வருது. ஒண்ணு, "சோறு ஆறுது." இன்னொண்ணு, "எனக்கு ஒரு காதுதான் மந்தம். உங்களுக்கு ரெண்டும்."

அவளுக்கு எடது காது கொஞ்ச நாளா மந்தம் தம்பி. செட்டுக்குப் பக்கத்துலயே உக்காந்து உக்காந்து அப்பிடி ஆயிட்டுது. அதனால சத்தமாப் பேசுவா. போன்ல பேசினா பக்கத்துல இருக்கவுகளுக்கெல்லாம் கேக்கும்.

அந்த ரெக்கார்டிங்கை ஒரு எழுத்து விடாம பன்னெண்டு பக்கத்துக்கு எழுதி, டீச்சர் வீட்டுக்கே கொண்டுபோனேன். ரெஜினா டீச்சர் படிச்சாவ. பென்சிலை எடுத்து அந்த ஒரு வரியை வட்டம் போட்டாவ. எதை? முப்பிடாதி காதைப் பத்திச் சொன்னதை! "இதுதான் கதை, மத்ததை அடிச்சிருங்க"ன்னாவ. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். பன்னெண்டு பக்கம் நான் எழுதியிருக்கேன், அவ சொன்னது ஒரு வரி. அவளுக்குக் கதைன்னா என்னன்னே தெரியாது. டிவியில நாடகம் ஓடுனா எந்திச்சுப் போயிருவா. நான் அவகிட்ட இதைச் சொல்லவே இல்ல. சொன்னா நாளைக்கே அவளும் எழுதுதேம்பா.

அவ மேல தப்புச் சொல்லல. இன்னிக்குக் கூட நான் கதைக் கூட்டத்துக்குப் போகணுங்கதுக்காக அவதான் கல்யாண வீட்டுல செட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. பெரிய கல்யாணம், பத்தரைக்குள்ள முகூர்த்தம். பாட்டை மட்டும் போட்டு விடு, மைக்கைத் தொடாத, அறிவிப்பு எதுவும் இருந்தா எனக்குப் போன் பண்ணு, போன்லயே சொல்லுதேன், மைக்கிட்ட போனைப் பிடின்னு சொல்லிட்டு வந்திருக்கேன். தேரடிக்குப் பின்னால புதுசாக் கட்டியிருக்காவளே, அந்த மண்டபம்தான்.

ஏன் தம்பி இப்பிடித் தூக்கிவாரிப் போடுது? பள்ளமா? இந்த ரோட்டுல இதுதான் தொல்லை. முன்னால கம்பியைப் பிடிச்சுக்கிடுங்க. வேர்க்குதே உங்களுக்கு. விரதம்னா தண்ணியாவது குடிக்கலாம்லா?

பாருங்க, மறுபடி அடிக்கா. ஏறுனதுலருந்து நாலஞ்சு தடவை அடிச்சிட்டா. பாட்டு மாத்தத் தெரியாம இருப்பா. நீங்க கண்டுக்கிடாதீங்க. சொல்லுங்க. ம். எங்க ஆரம்பிக்கணும்னு தெரியலையா? முதல் வரியிலயே ஆளை இழுக்கணும்பாவ டீச்சர். இப்ப உங்க கதையை நான் எழுதுறதா இருந்தா எப்பிடி ஆரம்பிப்பேன்னா, "குலதெய்வத்தின் அருள்வாக்கை நாடி, கொளுத்தும் வெயிலில் புறப்பட்டான் அந்த இளைஞன்!" எப்பிடி? பிடிக்கலையா? தலையை ஆட்டுதிய.

என்ன கேட்டிய? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, பஸ்சு இரைச்சல்.

அந்த வரிக்குப் பெறவு என் வீட்டம்மா என்ன சொன்னாவளா?

எதுக்குப் பெறவு? காது மந்தம்னு சொன்னதுக்குப் பெறவா? அது வந்து... ரெக்கார்டிங்ல இல்ல. அதுக்குப் பெறவு நான்தான் பேசியிருக்கேன். இல்ல, அவ என்னமோ சொல்லத்தான் வந்தா. "நாலு நாளா ஒண்ணு சொல்லணும்னு நிக்கேன்"னு ஆரம்பிச்சா. நான், நல்லா வருது, அதையே இன்னும் கொஞ்சம் இயல்பாச் சொல்லுன்னேன். "ஒண்ணுமில்ல"ன்னுட்டு எந்திச்சுப் போயிட்டா. என்ன சொல்ல வந்தான்னு நான் கேக்கல. நீங்க கேட்ட பெறவுதான் எனக்கே தோணுது. என்ன தம்பி இப்பிடிக் கேட்டுப்புட்டிய.

மறுபடி அடிக்கா.

எடுக்கவா? எடுங்கன்னுதான சொல்லுதிய? சரி, எடுத்து வச்சிட்டு உங்க கதைக்கு வந்திருவோம்.

ஏ, சொல்லு. நான் பஸ்ஸுல ஒரு முக்கியமான... இல்ல, கட் பண்ணல, சிக்னல் இல்ல. சரி, கட்தான் பண்ணேன். சொல்லு.

ம்.

ம்.

யாரைக் காணம்? மாப்பிள்ளையையா? நம்ம செட்டு போட்ட கல்யாணத்துலயா? பதறாத. போனை மைக்கிட்ட பிடி, நான் சொல்லுதேன். பெரியோர்களே, தாய்மார்களே, அன்பார்ந்த மணமகன் அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாக மணமேடைக்கு... என்ன? நீயே சொல்லிட்டியா? நீயா? மைக்கை எடுத்தா? என்னன்னு சொன்ன?

ம்.

அதை இன்னொரு தடவை சொல்லு.

தம்பி, கேட்டுச்சா உங்களுக்கு? கேட்டிருக்கும், அவ சத்தம் அப்பிடி. மாப்பிள்ளையைக் காணம்னு மண்டபமே கூச்சல் போட்டுக்கிட்டுக் கிடந்திருக்கு. இவ மைக்கை எடுத்து, "யய்யா, எங்கன இருந்தாலும் பயப்படாம வா. ஒருத்தரும் அடிக்கமாட்டாவ. உனக்கு என்னன்னு சொல்லிட்டுப் போ, நாங்க கேக்கோம்"னு சொல்லியிருக்கா. 'அன்பார்ந்த' இல்ல, 'உடனடியாக' இல்ல. கத்திக்கிட்டு நின்னவுக எல்லாம் உக்காந்துட்டாவளாம்.

இல்லட்டீ, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். சொல்லு. ம். பொண்ணு என்ன பண்ணுது? அழுதா? ம்? பந்தியில உக்காந்து இட்லி சாப்பிடுதாளா? மாலையைக் கழட்டி வச்சிட்டா? இன்னும் ரெண்டு இட்லி கேட்டாளா?

தம்பி, நீங்க ஏன் சிரிக்கிய?

ம். சொல்லு முப்பிடாதி. ஆளு எப்பிடி இருப்பாராம்? நான் திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டுல விசாரிச்சுப் பாக்கேன். ம். பட்டு வேட்டி. ம். சந்தனக் கலர் சட்டை. ம். கையில மஞ்சக் காப்பு. கன்னத்துல...

ம்.

முப்பிடாதி, நான் பெறவு கூப்பிடுதேன். இல்ல, கட்டாயம் கூப்பிடுதேன். இரு, வச்சிராத. அன்னிக்கு நீ ஒண்ணு சொல்ல வந்தல்லா, நாலு நாளா நிக்கேன்னு. காது விசயமா? சரி, சரி, இப்ப வேண்டாம். சாயங்காலம் வாறேன். நீ உக்காந்து சொல்லு, நான் கேக்கேன். ரெக்கார்டிங் எல்லாம் போடல. சத்தியமாப் போடல. சரி, வை.

தம்பி.

ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க. நான் யாருக்கும் சொல்லல, பாத்தியல்லா. அவகிட்டயே சொல்லல. பக்கத்துலயே வச்சிக்கிட்டுக் குலசாமி, விரதம்னு நான் பாட்டுக்கு... சிரிக்காதீங்க. சரி, சிரிங்க.

எனக்கு ஒண்ணுதான் தாங்கல. இத்தனை வருசமா மைக்கைப் பிடிச்சுப் பேசுதேன், எவ்வளவோ எழுதியிருக்கேன், அவ சொன்ன மாதிரி ஒரு வரி எனக்கு வரல. "என்னன்னு சொல்லிட்டுப் போ, நாங்க கேக்கோம்." பொறாமையா இருக்கு தம்பி. பெருமையாவும் இருக்கு.

மானூர் தாண்டிட்டுது. இன்னும் கொஞ்ச தூரம்தான் இருக்கு. டீச்சர்கிட்ட நான் இதைச் சொல்லப் போறதில்ல. ஜான்சி பேரே வரட்டும், நல்ல பிள்ளை. அந்த மாத்திரை ஏன் மிச்சமாச்சுன்னு இப்பத்தான் எனக்குப் புரியுது. உங்க விசயம் உங்களோட இருக்கட்டும். ஆனா சொல்லணும்னு இருந்தாச் சொல்லுங்க. ஒரு மணி நேரமா நீங்க வாயைத் திறந்து திறந்து மூடுனிய, நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

சொல்லுங்க.

ம்.

உங்க அப்பாவா? அட, எங்க அப்பாவும் இப்பிடித்தான், ஒரு தடவை எனக்குப் பொண்ணு பாக்க... இல்ல. இல்ல. நீங்க சொல்லுங்க.

ம்.

ம்.